உமிழ்நீரும் பற்களின் நலமும்

நம் உடம்பில் ஊறும் நீர்களுள் உமிழ்நீரைப் போல் இருவேறு மதிப்புப் பெற்றது பிறிதொன்றில்லை. வாயினுள் இருக்கும்வரை அதனை நாம் நினைப்பதேயில்லை. வாயைவிட்டு நீங்கிய கணமே அது எச்சில் எனப் பெயர் பெற்று விலக்கப்படுகின்றது. எச்சிலிலை, எச்சிற்கை, எச்சிற்பாத்திரம் என்னுஞ் சொற்கள் நம் வீடுகளில் நாடோறும் வழங்குகின்றன. செம்பு நீரை உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கமும் இவ்வெண்ணம் பற்றியதே. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு நோய் பரவாமல் தடுத்தலால் அவ்வழக்கம் நன்றே. ஆயின், வெளியே விலக்கப்படும் அப்பொருள் உள்ளே இருந்து ஆற்றும் தொண்டு யாதென எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பற்களைக் காப்பன பற்பசையும் தூரிகையுமே என்று பலர் நம்புகின்றனர். அவை வேண்டப்படுவனவே, எனினும் நாளொன்றுக்கு நான்கைந்து நிமிடமே அவை பற்களோடு பழகுகின்றன. எஞ்சிய நேரமெல்லாம் காவல் நிற்பது உமிழ்நீர். அக்காவலின் இயல்பையும், அது தன் கடமையைச் செய்தற்கு நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதையும், அது குன்றுமிடத்து விளையுந் தீங்கையும் இங்கு ஆராய்வாம்.

ஊறும் இடமும் அளவும்

உமிழ்நீரைச் சுரக்கும் பெருஞ்சுரப்பிகள் மூன்று சோடியாம். காதின் முன்னும் கீழுமாகக் கன்னத்தில் அமைந்தன ஒரு சோடி. கீழ்த்தாடையின் உட்புறத்தில் உள்ளன இன்னொரு சோடி. நாவின் அடியில் உள்ளன மூன்றாஞ் சோடி. இவையன்றி உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்டோலின் கீழே நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உள. மேல்வாய்க் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தை நாநுனியால் தடவிப் பார்ப்போமாயின் சிறியதொரு முனைப்புத் தட்டுப்படும். கன்னச் சுரப்பியின் கான் வாயினுள் திறக்கும் இடம் அதுவே. அக்கானை 1660 ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் டென்மார்க்கு நாட்டினரான நீல்ஸ் ஸ்ரென்சன் என்பார். அம்ஸ்ரடாம் நகரில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தபொழுது அவர் அதனைக் கண்டார். அப்பொழுது அவர் 22 வயது மாணவர்.

நாம் வாளாவிருக்கும்பொழுது நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிலீற்றர் உமிழ்நீர் ஊறும். உணவை மெல்லும்பொழுது அது நிமிடத்துக்கு ஒன்று முதல் மூன்று மில்லிலீற்றர் வரை பெருகும். உறக்கத்திலோ அது பெரும்பாலும் நின்றுவிடும். நாளொன்றுக்கு ஊறும் மொத்த அளவு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை எனலாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரே. எஞ்சிய ஒரு பங்கிலேயே அதன் வல்லமை அனைத்தும் அடங்கியிருக்கின்றது.

இவ்வூற்று நம் விருப்பத்துக்கு அடங்கியதன்று. நரம்புகளின் ஏவலுக்கு அடங்கியது. புளியங்காயை நினைத்த மாத்திரத்தே வாயூறுவதை யாவரும் அறிவர். உணவோடு சேர்ந்து பழகிய ஓசையைக் கேட்ட அளவிலும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்பதை ஆராய்ந்து காட்டியவர் இரசிய அறிஞர் பவ்லோவ். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அச்சமோ இதற்கு எதிராக ஊற்றை அடைக்கும். மேடையேறிப் பேச நின்ற மாணவன் நா வறண்டு நீர் கேட்பது இதனாலேயாம். பண்டைப் பாரத நாட்டிற் கள்வனைக் கண்டறிதற்கு அரிசியை மென்று உமிழச் செய்யுஞ் சோதனை ஒன்று இருந்தது. அஞ்சியவன் வாயில் அரிசி நனையாது என்னும் உண்மை அதனோடு பொருந்துவதாம். ஆயினும் குற்றமற்றவனும் அஞ்சுவானாதலின் அச்சோதனை நீதிக்கு ஏற்றதன்று.

உமிழ்நீர் ஆற்றும் பணிகள்

கல்லூரி ஆய்கூடத்திற் செய்த சோதனையொன்று நம்மிற் பலருக்கு நினைவிருக்கலாம். மாப்பொருட் கரைசலில் அயடீனை விட்டாற் கருநீல நிறம் தோன்றும். அக்கரைசலோடு சிறிது உமிழ்நீரைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்துப் பின்னர் அயடீனை விட்டால் அந்நிறம் தோன்றாது. மாப்பொருள் வெல்லமாக மாறிவிட்டமையே காரணம். உமிழ்நீருக்கு இவ்வாற்றல் உண்டென்பதை 1831 இல் ஜேர்மானியரான லொய்க்ஸ் என்பார் வெளியிட்டார். வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் இந்நொதியத்தின் செயலே. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். ஆதலின் உமிழ்நீர் உணவைச் செரிப்பதற்கே அமைந்தது என்னும் எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. செரித்தற்றொழிலை உணவுக்குடலும் செய்யவல்லது. வேறெதுவும் செய்யவியலாத தொழில்கள் உமிழ்நீருக்கு உள.

முதலாவதாக, அது வாயை நனைத்து வழுவழுப்பாக்கும். அவ்வழுவழுப்பு இல்லையேற் பேச்சும் விழுங்குதலும் துன்பமாய் முடியும். இரண்டாவதாக, உணவுப் பொருள் நீரிற் கரைந்தாலன்றி நா அதன் சுவையை அறியாது. கரைத்துக் கொடுப்பது உமிழ்நீரே. மூன்றாவதாக, அது உணவுத் துணுக்குகளையும் கிருமிகளையும் இடைவிடாது கழுவி இரைப்பைக்குச் செலுத்துகின்றது. நான்காவதாக, கிருமிகளை அடக்கும் பொருள்கள் அதிலே உள. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கு ஆறாண்டு முன்னதாக 1922 இல், லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி வெளியிட்டார். பற்றீரியாக்களின் சுவரை உடைக்கும் அப்பொருள் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உண்டு. வாயிற்பட்ட புண் தோலிற்பட்ட புண்ணிலும் விரைவில் ஆறுவதற்கு உமிழ்நீரும் ஒரு காரணமாம்.

இவை யாவினுஞ் சிறந்தது ஐந்தாவது பணி. அது பற்களைப் புதுக்குதல். இதனைச் சற்று விரிவாகக் காண்பாம்.

கரைதலும் புதுக்கலும்

பல்லின் மேற்பூச்சாகிய மிளிரி நம் உடம்பிலுள்ள பொருள்களுள் மிகவும் வலியது. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்குகளால் அது ஆயது. வலிமை மிக்கதாயினும் அதற்கு ஒரு குறையுண்டு. அதனுள் குருதிக்குழாய் இல்லை. உயிருள்ள கலமும் இல்லை. எலும்பு முறிந்தால் உடம்பு உள்ளிருந்து பொருத்தும். தோல் கிழிந்தால் உள்ளிருந்து மூடும். மிளிரி தேய்ந்தால் உள்ளிருந்து உதவுவார் எவருமிலர். வெளியிலிருந்து அதற்குக் கல்சியத்தையும் பொசுபேற்றையும் கொடுக்கவல்லது உமிழ்நீர் ஒன்றே.

மிளிரியைக் கரைப்பது அமிலம். 1683 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான லீவன்ஹூக், தம் பற்களில் ஒட்டியிருந்த வெண்படலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, அதில் நுண்ணுயிர்கள் நெளிவதைக் கண்டு இலண்டனிலுள்ள அரச கழகத்துக்கு எழுதினார். அவற்றுக்கும் பற்சூத்தைக்கும் உள்ள தொடர்பை இரு நூற்றாண்டின் பின்னர் விளக்கியவர் பேர்லினில் ஆராய்ந்த அமெரிக்கரான மில்லர் என்பவர். நுண்ணுயிர்கள் வாயிலே தங்கும் வெல்லத்தையும் மாப்பொருளையும் உண்டு அமிலத்தை விடுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் 1890 இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். பல்லைப் புழு அரிக்கின்றது என்ற நெடுங்கால நம்பிக்கை அதனோடு ஆட்டங் கண்டது.

புளிப்பின் அளவைக் காட்டுவது பீ.எச். என்னும் எண். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அவ்வெண் ஏறக்குறைய 5.5 இற்குக் கீழே இறங்கும்பொழுது மிளிரி கரையத் தொடங்கும். சீனி கலந்த பானத்தை அருந்திய சில நிமிடங்களில் பற்களின் மேற்படலத்தில் அவ்விறக்கம் நேர்கின்றது. பின்னர் உமிழ்நீர் வெல்லத்தைக் கழுவி, தன்னிடமுள்ள இருகாபனேற்றால் அமிலத்தை நடுநிலைப்படுத்தி, அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் படலத்தைப் பழைய நிலைக்குக் கொணர்கின்றது. இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் 1940 களில் அளந்து வரைந்து காட்டியவர் அமெரிக்கரான ஸ்டீபன். படலம் நடுநிலை அடைந்ததும் உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் மிளிரியின் கரைந்த இடங்களில் மீளப் படிகின்றன. சிறிதளவு புளோரைட்டு அவ்விடத்தே இருக்குமாயின் அப்படிவு விரைவாகவும் முன்னையிலும் உறுதியாகவும் நிகழும். புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையின் பயன் இதுவே. பல்விளக்கியபின் மீண்டும் மீண்டும் கொப்புளித்து அதனைக் கழுவிவிடாதிருத்தல் நன்று.

ஆகவே, நம் பற்கள் ஒவ்வொரு நாளுங் கரைந்து ஒவ்வொரு நாளும் புதுக்கப்படுகின்றன. வரவு செலவை விஞ்சி நின்றாற் பல் நிலைக்கும். செலவு வரவை விஞ்சினாற் குழி விழும். வாய் திறந்து பார்த்தறியுங் குழி ஒருநாளில் தோன்றியதன்று. பல மாதங்களாகக் கணக்கிற் பற்று மிகுந்தமையின் முடிவு அது.

இடைவேளை என்னும் மருந்து

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? உண்ணும் இனிப்பின் அளவினும் உண்ணும் தடவைகளே பல்லுக்குப் பெரிதும் தீங்கானவை. உமிழ்நீருக்கு வேண்டியது நேரம். சுவீடன் நாட்டில் விபெகொல்ம் என்னும் மனநல விடுதியில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. உணவோடு சேர்த்துச் சீனியை மிகுதியாக உண்டவர்க்குச் சூத்தை சிறிதளவே கூடியது. உணவுக்கு இடையிடையே ஒட்டுந்தன்மையுள்ள இனிப்புகளை உண்டவர்க்கு அது பன்மடங்காகப் பெருகியது. தம் நிலையை எடுத்துரைக்க இயலாத நோயாளரின் பற்களை வேண்டுமென்றே கெடுத்துப் பெற்ற அறிவு அது. ஆதலின் அவ்வாராய்ச்சி அறத்துக்கு மாறானதென இன்று கண்டிக்கப்படுகின்றது. அவர்கள் இழந்த பற்களின் விலையாக வந்த உண்மையை நாம் பொருட்படுத்தாது விடுவது இன்னொரு பிழையாகும்.

நம் நாட்டு வழக்கத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பாம். காலையில் ஒரு தேநீர், பத்துமணிக்கு ஒன்று, மதிய உணவின் பின் ஒன்று, மாலையில் ஒன்று, நண்பர் வந்தால் ஒன்று, இரவில் ஒன்று. எல்லாவற்றிலும் சீனி கலந்திருக்கும். அன்றேற் கையிற் பனங்கட்டித் துண்டொன்று இருக்கும். தடவைக்கு நாற்பது நிமிடம் எனக் கொண்டாலும் ஆறு தடவைக்கு நான்கு மணிநேரம் பற்கள் அமிலத்தில் நனைகின்றன. ஒரு குவளைத் தேநீரை அரைமணி நேரம் வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சுபவருக்கு அக்கணக்கு இன்னும் நீளும். தேநீரை விடவேண்டும் என்பது நம் கருத்தன்று. உணவோடு ஒட்டிய இரண்டொரு வேளைக்கு இனிப்பை வைத்துக்கொண்டு, ஏனைய வேளைகளில் வெறுந்தேநீரையோ நீரையோ அருந்தினாற் போதும். இதற்குப் பணச்செலவு யாதுமில்லை.

இரவு பற்றியும் ஒன்று கூறல்வேண்டும். உறங்கும்பொழுது உமிழ்நீர் நின்றுவிடுதலால், படுக்குமுன் வாயில் எஞ்சிய இனிப்பு விடியும்வரை தடையின்றித் தன் வேலையைச் செய்யும். குழந்தையின் வாயில் இனிப்புக் கலந்த பாற்புட்டியை வைத்து உறங்கவிடுவோர் இதனை நினைத்தல் வேண்டும். காலையில் மாத்திரம் பல்விளக்கும் வழக்கமுடையோர், ஒரு வேளையே இயலுமாயின், இரவையே தெரிந்தெடுத்தல் நலம்.

மெல்லுதல் ஊற்றைப் பெருக்கும் என்றோம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்னும் பழமொழி பல்லுக்கும் பொருந்தும். ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் மென்று பல்விளக்கிய முன்னோர், குச்சியின் துவர்ப்பாலும் கசப்பாலும் வாய்நிறைய உமிழ்நீர் ஊறப்பெற்றனர். யாழ்ப்பாணத்துப் புழுக்கொடியலை மென்றவர் தாடையின் உழைப்பை மறந்திரார். இன்றைய சிற்றுண்டிகள் பல மெல்லாமலே கரைந்து பல்லிடுக்கில் தங்குவன. மென்மை வாய்க்கு இதம், பல்லுக்கு இடர்.

வெற்றிலை மெல்லுதல் வாயை ஊறச் செய்கின்றதே, அது நல்லதன்றோ எனச் சிலர் வினவலாம். ஊறுவது மெய்யே. ஆனால் அவ்வூற்றுப் பாக்கினின்றும் புகையிலையினின்றும் நஞ்சைக் கரைத்துக் கன்னத்தின் உட்டோலில் மணிக்கணக்காகத் தேக்கி வைக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்குத்தானும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என முடிவு கூறியது. இலங்கையில் ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பது நாம் அறிந்ததே. அந்நோய்க்குத் தலையிலும் கழுத்திலும் கதிர்ச்சிகிச்சை பெறுவோரின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் அக்கதிர்களாற் கெடுவதுண்டு. வாயை ஊறச்செய்யும் என மென்றவர் வாய், முடிவில் ஊற்றின்றி வறளுகின்றது.

ஊற்று வற்றும்பொழுது

இனிக் கூறுவது ஐம்பது வயதைக் கடந்த பழைய மாணவர்க்கும், முதியோரைப் பேணும் இளையோர்க்கும் சிறப்பாக உரியது. முதுமையில் வாய் வறளுதல் இயற்கையே என்று பலர் வாளாவிருக்கின்றனர். முதுமையினும் பெரிய காரணம் முதுமையில் உட்கொள்ளும் மருந்துகளே. குருதி அமுக்கம், மனச்சோர்வு, ஒவ்வாமை, உறக்கமின்மை, சிறுநீர்க் கோளாறு முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளுள் வாயை வறளச் செய்வன பல. இரண்டு மூன்று மருந்துகள் ஒருங்கு சேருமிடத்து வறட்சி மிகும். அடங்காத நீரிழிவும் வாயை வறளச் செய்யும். கண்ணீரும் உமிழ்நீரும் ஒருங்கே வற்றும் நோய் ஒன்று உண்டு. அதனை 1933 இல் விரித்துரைத்த சுவீடன் நாட்டுக் கண்வைத்தியரின் பெயரால் அது சோகிறன் நோய் எனப்படும். பெண்களையே அது பெரும்பாலும் பற்றும்.

முதியவர் ஒருவர் சோறு வேண்டாம் என்கின்றார். வாய்க்குப் பிடிக்கவில்லை என்கின்றார். கட்டிய பற்கள் நழுவுகின்றன. உமிழ்நீர்ப் படலமே அவற்றை முரசோடு ஒட்டி நிறுத்துவது. இரவில் நீர் கேட்டு இருமுறை எழுகின்றார். வீட்டார் இதனை வயதின் குறையெனக் கொண்டு, சோற்றுக்குப் பதிலாக இனிப்புப் பானங்களைக் கொடுக்கின்றனர். வறட்சி தீரச் சூப்புமாறு இனிப்புக் கட்டிகளையும் கொடுக்கின்றனர். அன்பினாற் செய்யும் இச்செயலே பற்களை அழிக்கின்றது. முரசு கீழிறங்கி வெளிப்பட்ட வேர்ப்பகுதிக்கு மிளிரிப் பூச்சில்லை. மெல்லிய அமிலத்துக்கும் அது கரையும். காக்கும் ஊற்றும் இல்லாதவிடத்து, அறுபதாண்டு நிலைத்த பற்கள் இரண்டொரு ஆண்டில் ஒடிந்து வீழ்தல் கூடும். பல் போனபின் உணவு குறையும். உணவு குறைய உடல் மெலியும்.

ஊற்றின் அளவை வீட்டிலேயே ஒருவாறு அறியலாம். உண்டு ஒருமணி நேரத்தின் பின் அமைதியாக இருந்து, ஐந்து நிமிடம் விழுங்காமல், ஊறும் நீரை அளவு குறித்த சிறு பாத்திரத்தில் உமிழ்தல் வேண்டும். ஒன்றரை மில்லிலீற்றர் அளவினதாயின் நன்று. அரை மில்லிலீற்றருக்குங் குறையுமாயின் பல்வைத்தியரைக் காணுதல் வேண்டும். உலர்ந்த பாணை நீரின்றி விழுங்க இயலாமை, நாக்கு அண்ணத்தோடு ஒட்டுதல், உதட்டோரம் வெடித்தல் ஆகியவையும் குறிகளாம்.

செய்யத்தக்கன எளியன. மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆகாது. வாய் வறளுதலை வைத்தியரிடம் எடுத்துரைத்தால் மருந்தையோ அளவையோ நேரத்தையோ மாற்ற அவர் வழி காண்பார். நீரை அடிக்கடி சிறிது சிறிதாக அருந்துதல் வேண்டும். சுரப்பியில் உயிர்ப்பு எஞ்சியிருக்குமாயின் சீனி கலவாத சுவிங்கத்தை மெல்லுதல் ஊற்றைத் தூண்டும். எலுமிச்சம் புளிப்பும் தூண்டுமாயினும் அமிலமாதலின் அடிக்கடி கொள்ளற்க. மதுசாரம் கலந்த வாய்கொப்புளிப்பு நீரை விலக்குக. புளோரைட்டுப் பற்பசையால் இருவேளையும் பல்விளக்கி, ஆண்டுக்கு இருமுறையாவது பல்வைத்தியரைக் காண்க. வறண்ட வாயுடையோர்க்கு இது மிகையன்று.

வைத்தியரும் நோயாளரும் ஒருவரையொருவர் கேளாது விடும் பொருள்களுள் இது ஒன்று. குருதி அமுக்கத்தை அளக்கின்றோம். குருதியில் வெல்லத்தை அளக்கின்றோம். வாய் நனைந்திருக்கின்றதா என எவரும் வினவுவதில்லை. இம்மலரை வாசித்து முடித்தபின், நம் வீட்டிலுள்ள முதியோரை அணுகி, சோறு விழுங்கும்பொழுது நீர் வேண்டியிருக்கின்றதா, இரவில் வாய் வறளுகின்றதா என்னும் இரு வினாக்களைக் கேட்போமாக. அவ்விடை ஒருவருடைய பற்களையும் உணவையும் காக்குமாயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.